பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் இருக்கிறார்

பேருந்துகளில் சிரிப்புச் சத்தம் குறைந்துவிட்டது. குமரி மாவட்டத்து ஊர்களுக்கு நடுவே டிக்கெட் கொடுத்தே காலம் கழித்தவன் என்பதால் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கூட்டம் குறையவில்லை. ஆட்கள் சிரிப்பதும் குறையவில்லை. காலை வண்டியில் ஏறிப் பாருங்கள், பாதிப் பேர் முகத்தில் சிரிப்பு இருக்கும். ஆனால் அவரவர் கைப்பேசியைப் பார்த்து அவரவர் சிரிக்கிறார்கள். என்னத்துக்குச் சிரித்தார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கேட்பதற்கும் கூச்சம்.

இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. வேலைக்குப் போகிற ஒரு மனிதரின் நாளில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதும், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதும் சேர்ந்து ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன. வேலை நேரம் சம்பளம் கொடுப்பவருக்கு. வீட்டு நேரம் வீட்டுக்கு. நடுவில் கிடக்கிற இந்த நேரத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அந்த நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள், சண்டை போட்டார்கள், கேலி செய்தார்கள், சம்பந்தம் பேசினார்கள், மருந்து சொன்னார்கள். வாழ்க்கை நிறைவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தியானம், யோகா, சுற்றுலா என்று எங்கெங்கோ தேடுகிறார்கள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. தினமும் போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய் திறந்து பேசுவதை அவற்றுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

1987இல் நேசமணி போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்தேன். குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் பெயர் அன்று எங்கள் வண்டிகளில் இருந்தது. 1997இல் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டபோது எங்களுடையதும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பெயர்தான் மாறியது, தடம் மாறவில்லை. நாகர்கோவில் வடசேரியிலிருந்து குளச்சல், திங்கள்சந்தை, பூதப்பாண்டி, ஆசாரிப்பள்ளம். ஒரே தடத்தில் சில மாதம் போனால் முகங்கள் எல்லாம் பழகிவிடும். யார் எந்த நிறுத்தத்தில் கை காட்டுவார், யார் மகளுக்கு நிச்சயம் முடிந்தது, யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்பதெல்லாம் நடத்துநருக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் கேலி பேச முடிந்தது.

பேச்சைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் சில்லறை. இரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு ஒரு பெரியவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

“பாட்டா, இதுக்கு மீதி தரணும்னா நான் வண்டியைத்தான் விக்கணும்” என்றேன்.

“வெளி ஆளுக்கு வித்துராத மக்கா. எனக்கே எழுதித் தந்திரு. டிரைவரை மட்டும் நீயே வச்சுக்கோ. அவருக்குச் சோறு போட நம்மால ஆகாது.”

ஓட்டுநர் நல்ல வாட்டசாட்டமான மனிதர். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தார்: “பாட்டா, மீன் கறியும் உண்டும்னா நான் வண்டியோடயே வாறேன்!”

முன்படியிலிருந்து பின்படி வரை சிரிப்பு. சிரித்து முடித்த ஓர் அம்மா தன் சுருக்குப்பையை அவிழ்த்து, அந்த நூறு ரூபாயை மாற்றிக் கொடுத்தார். நான் கறாராகப் பேசியிருந்தால் அந்த அம்மா பையைத் திறந்திருக்கவே மாட்டார். சண்டையாகப் போயிருக்கக்கூடிய ஒன்றை ஊரே சேர்ந்து தீர்த்துவைத்தது. இதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்தச் சிரிப்புக்குத் தொல்காப்பியத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நூல் அரங்கேறியபோது அதைக் கேட்டிருந்தவர் அதங்கோட்டாசான் என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் மாவட்டத்து அதங்கோடுதான் என்று என் பள்ளித் தமிழாசிரியர் பெருமையோடு சொல்வார். அந்த ஊர் இருக்கிற களியக்காவிளைப் பக்கம் டூட்டி விழும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். உணர்ச்சி உடலில் தெரிகிற மெய்ப்பாடுகள் எட்டு என்று சொல்லும் தொல்காப்பியம் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைக்கிறது. அந்த நகை நான்கு இடத்தில் பிறக்கும் என்றும் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அது எவ்வளவு கூர்மையான கணக்கு என்று எனக்கு விளங்கியது. நான்கும் என் வண்டியில் தினமும் ஏறி இறங்கின.

இளமைக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தைக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பது எந்த நடத்துநருக்கும் தீராத வழக்கு. அம்மா இடுப்பில் நன்றாக வளர்ந்த பையன். அம்மாவைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும் என்று பையனையே கேட்டேன், “உனக்கு எத்தனை வயசு மக்ளே?” அவன் அம்மா முகத்தைப் பார்த்தான். பிறகு என்னிடம் நேர்மையாகச் சொன்னான்: “இன்னைக்கு எத்தனைன்னு அம்மா இன்னும் சொல்லல்ல.” அந்த அம்மாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அரை டிக்கெட்டுக்குக் காசை எடுத்துக் கையில் தந்துவிட்டார்.

மடன் என்பது சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வது. மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான பெண்மணி வண்டி நிற்பதைப் பார்த்து ஓடி வந்தார். உள்ளே கால் வைக்க இடம் இல்லை. “பின்னால வாற வண்டியில ஏறுங்கம்மா” என்று சொல்லி விசில் கொடுக்கப் போனேன். அவர் முன்படியிலிருந்து இறங்கி, மூட்டையோடு ஓடி, பின்படி வழியாக அதே வண்டியில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பின்னால ஏறியாச்சு தம்பி.” பின்பக்கம் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவரை இறக்கிவிட யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். அந்த நெரிசலில் எப்படி எழுந்தான், எப்படி அவர் உட்கார்ந்தார் என்பது எனக்கே ஆச்சரியம்.

நான்கில் முதலாவதான எள்ளலைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். இன்று கைப்பேசியில் வந்து குவிகிற நகைச்சுவையில் பெரும்பகுதி எள்ளல்தான். விழுந்தவரைப் பார்த்துச் சிரிப்பது, உச்சரிப்புத் தவறியவரைப் பார்த்துச் சிரிப்பது, குண்டானவரை, கறுத்தவரை, ஏழையைப் பார்த்துச் சிரிப்பது. சிரிக்கப்படுகிறவர் எங்கோ இருக்கிறார். அவர் முகம் சுருங்குவது நமக்குத் தெரியாது. பஸ்ஸில் அப்படி முடியாது. யாரைக் கேலி செய்கிறீர்களோ அவர் உங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார். கேலி எல்லை மீறினால் உடனே தெரியும், உடனே பதிலும் வரும்.

குளச்சல் வண்டியில் மீன் கடவத்தோடு, அதாவது மீன் கூடையோடு, ஏறுகிற பெண்களின் வாய்க்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார். கடவத்துக்காரப் பாட்டி அவரைச் சாந்தமாகப் பார்த்தார். “மக்கா, மூக்கை இப்பவே பொத்தாத. உச்சைக்கு உங்க அம்மா இதைச் சட்டியில கொதிக்க வைப்பா. அப்போ பொத்துறதுக்கு மூக்கு மிச்சம் வேணும்லா?” இளைஞர் கையை எடுத்தார். சிரித்தும் விட்டார். இறங்கும்போது கடவத்தைத் தூக்கி இறக்கியவரும் அவர்தான்.

இதே குளச்சலில் 2021 டிசம்பரில் மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போகவிருந்த ஒரு வயதான தாய், நாற்றம் அடிக்கிறது என்று சொல்லப்பட்டுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட செய்தி தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. பஸ் நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காட்சியைப் பார்த்தபோது என்னால் சாப்பிட முடியவில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்களால் நடந்தது அது. வண்டியில் நாலு பேர் பேசிப் பழகிய பயணிகளாக இருந்திருந்தால், அந்தத் தாய்க்காக யாராவது ஒரு குரல் கொடுத்திருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

பழைய காலத்துப் பஸ் எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். கேலி என்ற பெயரில் மாணவிகளையும் வேலைக்குப் போகும் பெண்களையும் பாடாய்ப் படுத்திய கூட்டமும் அதே வண்டிகளில்தான் வந்தது. 1998இல் ஈவ்டீசிங்கைத் தடுக்கத் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. படியில் தொங்கிக்கொண்டு பெண்களைப் பார்த்துச் சொல்லப்படுவதற்கு நகைச்சுவை என்று பெயர் இல்லை. சிரிக்கிறவரோடு சேர்ந்து, சிரிக்கப்படுகிறவரும் சிரிக்கிறாரா? அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு இடம் இருக்கிறதா? இந்த இரண்டையும் பார்த்துத்தான் நான் விசில் ஊதி வண்டியை நிறுத்தலாமா, சேர்ந்து சிரிக்கலாமா என்று முடிவு செய்வேன். வண்டியைப் போலீஸ் நிலையத்துக்கு விடச் சொன்ன நாட்களும் உண்டு.

கஷ்டத்தில் இருப்பவர்களின் நகைச்சுவைக்குத் தனி மதிப்பு இருக்கிறது. நம் பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் குறள் எழுதியிருப்பார்கள். இடுக்கண் அழியாமை என்ற அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே, துன்பம் வரும்போது நகைக்கச் சொல்லித்தான். படிக்கிறபோது நடக்கிற காரியமா என்று தோன்றும். ஆசாரிப்பள்ளம் தடத்தில் ஓடியவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. அங்கேதான் எங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் கையில் தூக்குவாளியும் எக்ஸ்ரே உறையும் இருக்கும். பேசத் தொடங்கினால் ஒருவர் வியாதியை இன்னொருவர் விசாரிப்பார்.

பல நாள் படுக்கையில் இருந்து வீடு திரும்பிய ஒருவரும் அவர் மனைவியும் ஏறினார்கள். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். முன் இருக்கைக்காரர் திரும்பி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

“உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாதுன்னாரு. அப்போதான் எனக்கே தெரிஞ்சுது, கல்யாணம் ஆன நாளையிலேருந்து எங்க வீட்டுல எனக்குப் பத்தியச் சாப்பாடுதான் போட்டிருக்கா.”

மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “அதனாலதான் இது வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு வராம இருந்தீங்க. போன மாசம் தங்கச்சி வீட்டுக்கு விருந்துக்குப் போனீங்க, படுத்தீங்க.”

முன் இருக்கைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் வெற்றிலை வெளியே வந்துவிட்டது. நோயாளியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண்மணி எத்தனை இரவு வார்டுத் தரையில் துண்டு விரித்துப் படுத்திருப்பாரோ. அந்தச் சிரிப்பில் அவர் முகத்திலிருந்து இறங்கிய பாரத்தை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு இன்னும் ருசியாக இருக்கிறது, அதனால் இவர்கள் இதைத் தாண்டிவிடுவார்கள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும், நாடகத்திலிருந்து சினிமாவுக்கும் போனவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு 1944 கடைசியில் கைதானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணையில் 1947இல் விடுதலையானார். அத்தனை புகழின் உச்சியிலிருந்து சிறைக்குப் போய்த் திரும்பிய மனிதர், கசப்பாகிவிடுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தும், திரும்ப வந்து சிரிக்க வைக்கிற வேலையைத்தான் பார்த்தார். 1949இல் நல்லதம்பி, 1951இல் மணமகள். 1957இல், ஐம்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். அவர் படத்தைப் பார்க்கிறவர்கள் கவனித்துப் பாருங்கள். அவரும் அவரோடு நடித்த டி.ஏ.மதுரமும் பேசும்போது ஒருவர் சொல்வதை மற்றவர் முழுசாகக் கேட்பார். கேட்டுவிட்டுத்தான் பதில் வரும். மதுரத்தின் பதில் பல இடங்களில் அவருடையதைவிட ஒருபடி மேலே நிற்கும். கலைவாணர் அதற்கு இடம் விட்டு நிற்பார். ஒழுகினசேரித் திண்ணையிலும் படித்துறையிலும் கேட்டு வளர்ந்த காது அது என்பது என் எண்ணம்.

காலம் மாறியதில் நல்லதும் நிறைய இருக்கிறது. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கு முன்னால் காசை முந்தானையில் முடிந்து, இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி நடக்கிற பெண்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். இப்போது அவர்கள் நிம்மதியாக உட்கார்கிறார்கள். நான் 2022இல் ஓய்வு பெறும் வரை கவனித்தது, பகல் நேர டவுன் பஸ்ஸில் பெண்கள் பகுதியில்தான் பழைய பேச்சும் சிரிப்பும் இன்னும் உயிரோடு இருந்தன. அக்கா தங்கைகள் ஒருவரையொருவர் சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு வரக்கூடப் பஸ் ஏறுகிறார்கள். அந்தத் திட்டத்தைப் பணக்கணக்கு வைத்து விமர்சிக்கிறவர்கள் இதையும் ஒரு வரவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் மெஷின் வந்ததும், காசில்லாமல் கைப்பேசியிலேயே கட்டணம் செலுத்துவதும் வசதிதான். சில்லறைச் சண்டையை நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சண்டை தந்த பேச்சுக்கு மாற்றாக வேறு எதையும் நாம் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. நடத்துநர் இல்லாத பேருந்துகளும் ஓடுகின்றன. ஏறியதிலிருந்து இறங்குவது வரை ஒரு சொல்கூடப் பேசாமல் இப்போது பயணம் செய்துவிட முடிகிறது. தனியாக இருக்கிற முதியவர்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற பஸ்தான் அவர்களுக்கு நாலு பேரைப் பார்க்கிற இடம். அங்கேயும் யாரும் பேசவில்லை என்றால் அவர்கள் குரலை அன்றைக்கு யாருமே கேட்கவில்லை என்று பொருள்.

என் மகள் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறாள். காலை ரயிலில் போய் இரவு திரும்புகிறாள். “முன்பின் தெரியாதவங்ககிட்ட பேச்சுக் கொடுக்கிறது உங்களுக்குச் சுலபம்ப்பா, பொண்ணுங்களுக்கு அப்படி இல்ல” என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அது உண்மை. யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது என்று எடைபோடுகிற சுமை அவளுக்கு இருக்கிறது, எனக்கு இருந்ததில்லை. அவள் தன் வழியைத் தானே கண்டுபிடித்தாள். தோவாளையிலிருந்து பூ வாங்கிக் கேரளத்துக்குக் கொண்டுபோகிற ஓர் அக்கா அவள் பெட்டியில் வருவார். மடியில் பூவைக் கொட்டிக் கட்டிக்கொண்டே வருவார். ஒருநாள் அவர்தான் முதலில் கேட்டாராம், காதில் என்ன மாட்டியிருக்கிறாய் என்று.

“பாட்டுக்கா.”

“நீ கேக்குறது பாடுறவளுக்குத் தெரியுமா?”

“எப்படிக்கா தெரியும்?”

“பாவம் அவ. யாரு கேக்குறான்னு தெரியாம காலையிலேயே தொண்டையைப் போட்டு அலட்டுறா. நான் பேசினா நீ முகம் சுளிக்கிறதாவது எனக்குத் தெரியும்.”

மகள் காதில் இருந்ததைக் கழற்றினாள். இப்போது அவளுக்கு மல்லிகை விலையும், முகூர்த்த நாளும், ஓணத்துக்குப் போகிற பூவின் கணக்கும் தெரியும். வேலை இடத்து எரிச்சல்களை அந்த அக்காவிடம் சொல்கிறாள். மேலதிகாரியை அந்த அக்கா வாடின பூ வியாபாரியாக வைத்துப் பேசிக் காட்டுவாராம். இரவு வீட்டுக்கு வந்து அதை எங்களுக்குச் சொல்லும்போது அவள் முகத்தில் இருக்கிற தெளிவு எனக்குப் பெரிய சொத்து.

படிப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நாளைக் காலை வண்டியில் முதல் இரண்டு நிறுத்தம் கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மழையைப் பற்றியோ, மீன் விலையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் பேச விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதுவும் மரியாதைதான். இரவுச் சாப்பாட்டில் அன்றைக்குக் கேட்ட ஒரு பேச்சை வீட்டில் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு வளரட்டும்.

கழக நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை உண்டு. நடத்துநர் பயிற்சியில் மெஷினை இயக்கவும் வசூல் கணக்கை முடிக்கவும் சொல்லித்தருகிறார்கள். பயணிகளிடம் பேசுவதற்கும் ஒரு வகுப்பு வையுங்கள். ஓய்வு பெற்ற நடத்துநர்களைக் கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வந்து சொல்லித்தருவார்கள். டிரிப் நேரத்தையும் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். ஓடி முடிக்கவே நேரம் போதாத வண்டியில் மனிதன் எப்படிப் பேசுவான்?

புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆசாரிப்பள்ளம் தடத்தில் டூட்டி போட்டால், வயசானவர்களும் நோயாளிகளும் ஏறுகிற வண்டி என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகு விசில் கொடுங்கள். டிக்கெட்டைக் கையில் தரும்போது முகத்தைப் பார்த்து, “பாட்டா, டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேளுங்கள். மீதியை அவரும், அவர் பக்கத்தில் இருக்கிற பாட்டியும் பார்த்துக்கொள்வார்கள்.